பலூன் தவணை

வேன் வாங்கும் கடனுக்கு வேன்காரர் தலையாட்டியபோது கம்பெனி ஆள் சொன்னது இவ்வளவுதான்: "மாசாமாசம் சின்னத் தொகை. கடைசியில ஒரு பலூன் இருக்கும் சார்."

"அப்ப ரெண்டா குடுங்க, ரெண்டு பிள்ளைங்க" என்று வேன்காரர் சிரித்தார்.

அந்தப் பலூன் ஐந்து வருஷம் கழித்துத் தபாலில் வந்தது. நாற்பது மாதத் தவணை, ஒரே தவணையாக. வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் வண்டியைத் தூக்கிவிடுவார்களாம். வீடு மாற்றுகிறவர்களின் பீரோவும் கட்டிலும் ஏற்றித்தான் குடும்பம் ஓடியது. வண்டி போனால் எல்லாம் போச்சு.

மனைவியிடம் உண்மையைச் சொல்ல முடியுமா? "படிக்காமலா கையெழுத்து போட்டீங்க?" என்று ஆயுள் முழுக்கக் கேட்பாளே! புதன்கிழமை சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

"இன்ஜின் போச்சு. உன் சேமிப்பையெல்லாம் எடுத்தாத்தான் சரி பண்ண முடியும்."

"ஐயையோ! எப்போ போச்சு?"

"காலையிலயே."

"மத்தியானம் எங்க அக்காவை வேன்லதானே ஸ்டேஷன்ல விட்டீங்க? தள்ளிக்கிட்டா போனீங்க?"

"அது... இறக்கமான ரோடு."

"ஸ்டேஷன் மேட்டுல இருக்கு."

அதற்குமேல் தாங்கவில்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து பலூன், தபால், வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அவள் தையல் மெஷின் டிராயரைத் திறந்து ஒரு ரசீதை நீட்டினாள். முழுத்தொகையும் திங்கட்கிழமையே கட்டியாகியிருந்தது!

"ஜாமீன் கையெழுத்து போட்டது நான்தானே. நான் படிச்சுட்டுத்தான் போட்டேன். அஞ்சு வருஷமா கர்ட்டன் தைச்சது எதுக்குன்னு நினைச்சீங்க?"

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேடி!"

"நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன்."

நெஞ்சிலிருந்து ஒரு பீரோவை இறக்கி வைத்ததுபோல் இருந்தது வேன்காரருக்கு. ஒரு வாரமாக இறங்காத சோறு அன்று மூன்று தட்டு இறங்கியது. காலை நீட்டிப் படுத்து, "இனிமே நம்ம வண்டி, நம்ம இஷ்டம்! நாளைக்கு லீவு!" என்றார்.

"வண்டி என் பேர்ல இருக்கு" என்றாள் அவள், விளக்கை அணைத்தபடி. "போன வாரம் நான் நீட்டின பேப்பர்ல கையெழுத்து போட்டீங்களே, அதுதான். லீவு வேணும்னா டிரைவர் ரெண்டு நாள் முன்னாடியே கேக்கணும்."