மந்திரியின் பந்தலை நான் இடித்த கதை

மந்திரி உட்கார வேண்டிய பந்தலை நான் இடித்துத் தள்ளியது உண்மை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் அரசியல் இருந்தது என்று இன்றைக்கும் குடவாசல் பக்கம் நாலு பேர் சொல்லிக்கொண்டு திரிகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இருபத்திரண்டு வயதில் என்னிடம் இருந்ததெல்லாம் மீசையும் திமிரும்தான். அரசியலுக்கு மண்டையில் இடமே இல்லை.

எழுபதுகளில் நடந்தது. நில உச்சவரம்புச் சட்டப்படி எங்கள் ஊர்ப் பண்ணையாரிடமிருந்து எடுத்த நிலத்தை, அதில் கூலிக்கு உழைத்தவர்களுக்கே பிரித்துக் கொடுக்க ஒரு விழா. மந்திரி வந்து தன் கையால் பட்டா கொடுப்பதாக ஏற்பாடு. பட்டியலில் என் அப்பாவின் பெயரும் இருந்தது. ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் வரப்பு வெட்டிய மனிதர், ஒரு வாரமாக வெள்ளை வேட்டியைத் தோய்த்து மடித்துத் தலைமாட்டிலேயே வைத்திருந்தார்.

விழா நடக்க வேண்டிய திடலில் இடுப்பளவு புல். ஆள் விட்டு அறுத்திருக்கலாம். ஆனால் கூலி உயர்வு கேட்டு விவசாயத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இருந்தது. ஆகவே ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் நேராகப் பண்ணையாரிடமே போய் டிராக்டரைக் கேட்டார். (யாருடைய நிலத்தை எடுத்தார்களோ, அவருடைய டிராக்டர்! கேட்கிறவருக்குக் கூச்சம் வேண்டாமா?) பண்ணையாரும் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார். அந்த டிராக்டருக்கு டிரைவர் நான். அதனால் சங்கத்தார் கண்ணுக்கு நான் பண்ணையார் ஆள். கூலிக்காரன் மகன் என்பதால் பண்ணையார் கண்ணுக்குச் சங்கத்து ஆள்.

டிராக்டருக்குக் கிட்டத்தட்ட என் வயது. பின்னால் மாட்டுகிற புல்வெட்டியைப் பண்ணையார் தென்னந்தோப்புக்காக ஏலத்தில் எடுத்திருந்தார். பெரிய இரும்புப் பெட்டி, அதற்கு அடியில் அரிவாள்போல இரண்டு கனத்த கத்திகள். இன்ஜின் ஓடினால் அவை சுழலும். பெட்டி இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் தொங்க வேண்டும். அதற்காக, பெட்டியைத் தாங்குகிற வலதுபக்கத் தூக்குக் கையில் ஒரு கைப்பிடி உண்டு. சுற்றினால் அந்தப் பக்கம் மட்டும் ஏறும், இறங்கும்.

விழா அன்று காலை நான் விஞ்ஞானியானேன். பெட்டியின் மேல் ஒரு தாம்பாளத்தை வைத்து, தண்ணீர் ஊற்றி, விளிம்புக்குச் சமமாகத் தண்ணீர் நிற்கும்வரை கைப்பிடியைச் சுற்றினேன். அப்பா பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஏண்டா, எல்லாம் சரியா இருக்கா?”

“சொட்டுத் தண்ணி சிந்தல பாருங்கப்பா. மட்டம்னா இதான் மட்டம்.”

மட்டம்தான். ஆனால் நான் டிராக்டரை நிறுத்தியிருந்தது வாய்க்கால் கரைச் சரிவில். ஒரு சக்கரம் மேட்டில், இன்னொன்று பள்ளத்தில். (என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.) சமதரையான திடலுக்கு வந்ததும் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டது. இடதுபக்கம் கத்தி மண்ணைத் தோண்டியது. வலதுபக்கம் புல்லின் தலையைத் தடவிக்கொடுத்தது. போதாக்குறைக்கு அந்தக் கிழட்டு வண்டியின் தூக்குக் கைகள் ஓரிடத்தில் நிற்காது. லீவரை இழுத்தால் பெட்டி ஆகாயத்துக்குப் போகும், விட்டால் பூமிக்குள் இறங்கும். ஒரு மணி நேரத்தில் திடல், பாதிச் சவரத்தில் எழுந்து ஓடிவந்தவன் முகம்போல் ஆகிவிட்டது.

கிளைச் செயலாளர் மேடையிலிருந்து மைக்கிலேயே கத்தினார். “யோவ்! புல்ல வெட்டச் சொன்னா கிணறு வெட்டுறியா? மேடைக்கு முன்னாடியாவது ஒழுங்கா வெட்டுய்யா! மந்திரி திருவாரூர் தாண்டிட்டாராம்!”

ஊரே சிரித்தது. சாலையோரம் செங்கொடியோடு நின்ற சங்கத்தாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. காட்டுகிறேன் பார் என்று மேடையை நோக்கி நேராக விட்டேன். பந்தலுக்குப் பத்தடி இருக்கும்போது, எவனும் குறை சொல்ல முடியாதபடி, கிளட்சை அடிவரை மிதித்தேன்.

டிராக்டர் நிற்கவில்லை.

மறுபடியும் சொல்கிறேன்: மிதித்தேன். கால் அடியில் இருந்தது. பிரேக்கையும் மிதித்தேன், அது பெயருக்கு ஒரு பிரேக். பின்னாலிருந்து யாரோ கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதுபோல் வண்டி என்னைத் தள்ளிக்கொண்டே போனது. கிளைச் செயலாளர் மைக்கோடு மேடையிலிருந்து குதித்தார். பந்தலின் முன்பக்கக் கால் சாய்ந்தது. கீற்றுப் பந்தல் மொத்தமும் ஒரு பெருமூச்சோடு உட்கார்ந்தது. அறுந்த கொடித் தோரணக் கயிறு பின்னால் விழுந்து, கத்தியில் சிக்கிக்கொண்டது. ஆளுங்கட்சிக் கொடிகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போய்ப் பொடிப்பொடியாக வெளியே வந்தன.

சங்கத்தார் கை தட்டினார்கள். அதுதான் என் வினை.

“திட்டம் போட்டுக் கொடியக் கிழிச்சிருக்கான்யா! புடிங்க அவன!” என்றார் செயலாளர்.

“கிளட்ச மிதிச்சேங்க! சத்தியமா மிதிச்சேங்க!” என்றேன்.

பண்ணையார் தலையில் கை வைத்துக்கொண்டார். “பாவி, நான் சொல்லித்தான் நீ செஞ்சேன்னுல்லடா ஊரு பேசும்! எடுத்த நெலம் பத்தாதா எனக்கு?”

அப்பா வெள்ளை வேட்டியோடு என் எதிரில் வந்து நின்று, மெதுவாகக் கேட்டார். “என் பட்டா அதுக்குள்ள இருந்துச்சாடா?”

 இல்லை, பட்டாக்கள் தாசில்தார் ஜீப்பில் பத்திரமாக இருந்தன. மந்திரி வந்தார், விழுந்த பந்தலைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், இரண்டே வார்த்தை பேசிவிட்டு ஜீப் ஓரத்தில் நின்றபடியே பட்டாக்களைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றரை மணி நேரச் சொற்பொழிவிலிருந்து ஊரைக் காப்பாற்றியது நான். அதற்கு ஒரு நன்றி? போலீஸ் ஸ்டேஷனில் சாயங்காலம்வரை உட்கார வைத்து, நான் எந்தக் கட்சி என்று கேட்டதுதான் மிச்சம்.

சில வருஷம் கழித்து, திருத்துறைப்பூண்டியில் டிராக்டர் பழுது பார்க்கும் ஒரு மெக்கானிக் விஷயத்தை உடைத்தார். பழைய வண்டியில் கிளட்சை மிதித்தால் இன்ஜின் மட்டும்தான் விலகும். கத்திக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அப்படியே இருக்கும். சுழல்கிற வேகத்தில் அந்தக் கனத்த கத்திகளே வண்டியை முன்னால் தள்ளும். சைக்கிளில் இருப்பதுபோல் ஒரு பிரீவீலை நடுவில் மாட்டினால் தள்ளாது. “உங்க மேல தப்பே இல்லண்ணே” என்றார் அந்த உத்தமர்.

அதை அவரையே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார்.

“இதுல சர்க்கார் முத்திரையக் காணுமே?” என்றார்.

அன்றைக்கு விட்டேன் நீதி கேட்பதை. எங்கள் வீட்டில் இப்போது யார் எதைக் கெடுத்தாலும் அதற்கு ஒரே பதில்தான். பரீட்சையில் தவறிய மகள் அதைத்தான் சொன்னாள். ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்ட என் மனைவியும் அதைத்தான் சொன்னாள். போன மாதம்தான் மருமகள் வந்தாள், தஞ்சாவூர்ப் பெண், பயபக்தியோடு ‘மாமா, மாமா’ என்பாள். வந்த நாலாம் நாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் எட்டிப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, சிரிப்பை அடக்கியபடி சொன்னாள்:

“நான் கிளட்ச மிதிச்சேன் மாமா.”