நாலு சக்கரமும் ஓடும்

மழை தூறினால் குடை தேடுகிறவர்கள் உண்டு. காயப்போட்ட துணியை எடுக்க ஓடுகிறவர்கள் உண்டு. மழை தூறியதும் வாசலுக்கு வந்து, இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு, "நல்லா பெய்யட்டும், ரோடு கெடட்டும்" என்று மனதார வேண்டிக்கொள்கிற ஒருவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் இந்த இனம் உங்களுக்கு ஏற்கெனவே அறிமுகம்தான். இவர்தான் ஃபோர் வீல் டிரைவ்காரர்.

எல்லாக் காருக்கும் நாலு சக்கரம்தானே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் போயிற்று. சாதாரணக் காரில் எஞ்சினின் பலம் இரண்டு சக்கரத்துக்குத்தான் போகுமாம், மற்ற இரண்டும் சும்மா கூட உருளுமாம். இவருடைய வண்டியில் கியருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கம்பி இருக்கிறது. அதைப் பின்னால் இழுத்தால் நாலும் சேர்ந்து உழைக்கும், சேறோ மணலோ பாறையோ ஏறி வந்துவிடும் என்றார். "இழுத்துப் பாத்திருக்கீங்களா?" என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். இன்னொரு மணி நேரம் போயிருக்கும்.

இவருக்குத் தொழில் என்ன, வனக்காவலா, நில அளவையா என்கிறீர்களா? எங்கள் தெருவில் இருப்பவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வீட்டிலிருந்து கடைக்கு நடந்தால் எட்டு நிமிடம். வண்டியில் இருபது நிமிடம், ஏனென்றால் அந்த வண்டியை நிறுத்த இடம் கிடைக்காது. நாள் முழுக்கச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருப்பவரின் கையில் கட்டியிருக்கும் கடிகாரம் கடல் மட்டத்திலிருந்து அவர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறார் என்று காட்டும். கால்சட்டையில் பதினோரு பை. பத்தில் ஒன்றுமில்லை. ஒன்றில் கண்ணாடி துடைக்கும் துணி.

வண்டி வாங்கியதோடு இந்த ஆசை அடங்கும் என்று அவர் மனைவி நம்பினார். (நான் அவரை அக்கா என்பேன், நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.) வண்டி வாங்குவது ஆரம்பம்தான் என்று பிறகு தெரிந்தது. முதலில் முன்பக்கம் ஒரு இரும்பு பம்பர் வந்தது, அந்தப் பம்பரில் இரும்புக் கயிறு சுற்றிய வின்ச் வந்தது, இரண்டும் சேர்ந்த கனத்தில் வண்டியின் முன்பக்கம் தாழ்ந்ததால் கனத்த ஸ்பிரிங் வந்தது, ஸ்பிரிங் வந்ததும் வண்டி ஒரு சாண் உயர்ந்து பொம்மைக் கார் டயர்போலச் சக்கரங்கள் சின்னதாகத் தெரிந்ததால் பெரிய டயர் வந்தது, அந்த ஸ்பிரிங்குக்குப் போதுமான பாரம் இல்லாமல் வண்டி தூக்கித் தூக்கிப் போட்டதால் பாரத்துக்காகப் பின்னால் நாலு மணல் மூட்டை வந்தது, மூட்டை வந்த இடத்தில் முன்பு வைத்திருந்த சாமான்களுக்காகக் கூரைமேல் ஒரு பெட்டி வந்தது, பெட்டிமேல் மடித்து வைக்கும் கூடாரம் வந்தது. ஆற்றுக்குள் இறங்கினாலும் எஞ்சின் மூச்சு விட ஒரு நீளக் குழாய் வந்தது. அந்த வண்டியை அவர் ஈரத்துணியால்தான் துடைப்பார். குழாயில் தண்ணீர் அடித்தால் எங்காவது உள்ளே போய்விடுமாம்.

சேறு விஷயம் தனி. பக்கத்து மனையில் வீடு கட்டியபோது தெறித்த கொஞ்சம் சேறு இடது கதவில் ஒட்டியிருந்தது. அதைச் சுற்றித் துடைப்பாரே தவிர, அதைத் தொடமாட்டார். அக்கா தெரியாமல் அதைத் தேய்த்துக் கழுவிவிட்டார். மூன்று நாள் வீட்டில் பேச்சு இல்லை.

எனக்குத் தையல் வேலை. ஒருநாள் அவர் புது மண்வெட்டியோடு வந்து நின்றார்.

"இதுக்கு ஒரு உறை வேணும்மா. பதினோரு பட்டன், ரெட்டைத் தையல்."

"மண்வெட்டிக்கா?"

"மண்ணு பட்டா கீறல் விழுந்துடும்மா."

தைத்துக் கொடுத்தேன். நான் ஏன் வாயைக் கொடுக்க வேண்டும்?

இத்தனையும் மாட்டிய பிறகு, வண்டிக்குள் ஏறுவது சுவரேறிக் குதிப்பது மாதிரி ஆகிவிட்டது. அக்காவின் அம்மாவுக்கு முழங்கால் வலி. கதவுக்குக் கீழே ஒரு படி வைக்கச் சொன்னார்.

"படி வச்சா பாறையில தட்டும், அத்தை."

"எந்தப் பாறையில, மாப்பிள்ளை?"

அவர் குனிந்து டயரைத் துடைக்க ஆரம்பித்தார். அந்த அம்மா கடைக்குப் போய் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கி வந்து, துணி காயப்போடும் கயிற்றால் அதை வண்டியின் பின்னால் கட்டிவிட்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இவருக்குப் பெரிய சங்கடம். ஞாயிறு காலையில் இந்த இனத்தவர் ஏழெட்டுப் பேர் ஒரு பல்பொருள் அங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் கூடுவார்கள். எல்லா வண்டியின் பானெட்டும் திறந்திருக்கும், யாரும் எதையும் பழுது பார்க்கமாட்டார்கள், தலையை உள்ளே விட்டு "ம்ம்ம்" என்பார்கள். படம் எடுக்கும்போது இவர் மட்டும் ஸ்டூல் தெரியாதபடி பின்னால் போய் நிற்பார்.

இனி கேக்குக்கு வருவோம்.

அக்கா வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவர். பிறந்தநாள் கேக்கைத் தாண்டி முதல்முறையாக ஒரு கல்யாணக் கேக் கேட்டு வந்தார்கள். மூன்று அடுக்கு. மண்டப மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: நாலு மணிக்குள் முழுசாக வந்து சேர்ந்தால் இனி அந்த மண்டபத்துக் கேக் எல்லாம் அக்காவுக்கு, இல்லையென்றால் இதுவே கடைசி. அக்கா இரண்டு நாள் தூங்கவில்லை. கேக்கைக் கொண்டுபோகச் சலவைக்கடைக்காரரின் பழைய குட்டிக் காரைச் சொல்லி வைத்திருந்தார். அது இவர் காதில் விழுந்தது.

"நம்ம வாசல்ல இவ்ளோ பெரிய வண்டி நிக்குது. நம்ம வீட்டு கேக் அந்த டப்பாவுலயா போகணும்? நாலு பேர் என்ன சொல்வாங்க?"

"நாலு பேர் கேக் நல்லாருக்குன்னு சொன்னா போதும்ங்க."

"நான் கொண்டுபோறேன். பேசாதே."

அக்கா பேசவில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருடம் ஆன பெண்கள் எங்கே பேசக்கூடாது என்று அறிந்தவர்கள். சலவைக்கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கேக்கைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார். ஸ்டூலில் கால் வைத்துப் பின்சீட்டில் ஏறி, மூன்று அடுக்கையும் தாங்கிய பலகையை ஒரு முனையில் அக்காவும் மறுமுனையில் நானும் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டோம். மணி இரண்டே கால்.

தார்ரோடு துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. மண்டபத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. பழைய கல்குவாரி வந்ததும் வண்டி இடப்பக்கம் திரும்பியது.

"ஏங்க, ரோடு அந்தப் பக்கம்."

"தெரியும். இது குறுக்கு வழி. ரெண்டு கிலோமீட்டர் மிச்சம்."

சொன்னவர் வண்டியை நிறுத்தி இறங்கினார். ஒரு பாயை விரித்து அதில் முழங்காலிட்டு, ஒவ்வொரு டயரிலிருந்தும் காற்றை இறக்க ஆரம்பித்தார். கொஞ்சம் இறக்குவார், மீட்டர் வைத்துப் பார்ப்பார், நெற்றியைச் சுருக்குவார், இன்னும் கொஞ்சம் இறக்குவார்.

"என்னங்க பண்றீங்க?"

"காத்து கம்மியா இருந்தாத்தான் சேத்துல பிடிப்பு கிடைக்கும்."

"சேத்துல எதுக்குங்க போகணும்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கேள்விக்கு இந்த இனத்தில் யாரிடமும் விடை கிடையாது. நாலு டயருக்கும் சேர்த்து முப்பது நிமிடம் ஆயிற்று.

கொஞ்ச தூரத்தில் பாதையின் நடுவே மழைத்தண்ணீர் தேங்கிச் சேறாகிக் கிடந்தது. ஓரத்தில் அகலமாகக் காய்ந்த தரை, அதில் ஏதோ வண்டி தினமும் போய்வந்த தடம். இவர் அந்தத் தடத்தைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். வண்டி வாங்கியதிலிருந்து தேக்கி வைத்த மூன்று வருட ஏக்கம் முகத்தில் தெரிந்தது. நடுவில் இறக்கினார்.

வண்டி பாதிவரை போயிற்று. நின்றது. பின்சக்கரங்கள் இரண்டும் அதே இடத்தில் சுற்றிச் சுற்றி, ஜன்னல் வரை சேற்றை வாரி அடித்தன. கேக்கின் மேலடுக்கு ஒரு விரல் அகலம் நகர்ந்தது. அக்கா ஒரு கையால் அதைத் தாங்கினார்.

"இப்ப பாரு" என்று சிரித்துக்கொண்டே அவர் அந்தக் குட்டிக் கம்பியில் கை வைத்தார். இழுத்தார். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார். 'டொக்' என்று எதிலோ இடித்து நின்றது.

கம்பிக்குப் பின்னால் ஒரு வாக்கி டாக்கியும் அதைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டும் இருந்தன. போன மாதம் நாலு போல்ட் போட்டு முடுக்கியது. காட்டில் மற்ற வண்டிக்காரர்களோடு பேசுவதற்காம். அந்த ஸ்டாண்ட் இருக்கும்வரை கம்பி அசையாது. போன மாதத்திலிருந்து அந்த வண்டிக்கு இரண்டு சக்கரம்தான் ஓடும், அதை அவர் கவனிக்கவில்லை. கம்பியை இழுத்தால்தானே கவனிப்பதற்கு?

"ஸ்டாண்டைக் கழட்டுங்க" என்றார் அக்கா.

"ஸ்பானர் டூல் பெட்டியில இருக்கு."

"டூல் பெட்டி?"

"கூரை மேல. கூடாரத்துக்குக் கீழ."

"கூடாரத்தை நகத்துங்க."

"பூட்டியிருக்கு. சாவி வீட்ல. பத்திரமா வச்சிருக்கேன்."

பிறகு வின்ச்சை நினைத்துக்கொண்டார். கயிற்றை இழுத்துப்போய் ஒரு மரத்தில் கட்டிப் பொத்தானை அழுத்தினால் வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியே வரும். கல்குவாரியில் ஏது மரம்? ஒரு முள்புதர் இருந்தது. அதில் கட்டினார். பொத்தானை அழுத்தினார். கயிறு விறைத்தது, உறுமியது, சுற்றியது. வண்டி இருந்த இடத்திலேயே இருந்தது. புதர் வேரோடு கிளம்பிச் சேற்றில் நிதானமாக நடந்துவந்து பம்பரில் உட்கார்ந்துகொண்டது.

மணி மூன்று பத்து.

மண்வெட்டியை எடுத்தார். நான் தைத்த பதினோரு பட்டனையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். உறைக்குள்ளிருந்து அது பளபளவென்று வெளியே வந்தது. சேற்றைப் பார்த்தார், மண்வெட்டியைப் பார்த்தார். "புதுசு..." என்று முனகினார். திரும்பவும் பட்டனைப் போட ஆரம்பித்தார்.

அக்கா அதுவரை குரலை உயர்த்தவில்லை. அப்போதும் உயர்த்தவில்லை.

"அந்த ஸ்டூலை அவிழுங்க. பக்கவாட்டுல மாட்டியிருக்கிற ஆரஞ்சுப் பலகை ரெண்டையும் கழட்டுங்க."

"அது டயருக்கு அடியில வைக்கிறது. கால் வச்சா கீறல்..."

"கழட்டுங்க."

கழற்றினார். கீழே ஸ்டூலைப் போட்டோம். அக்கா இறங்கினார், கேக் இறங்கியது, நான் இறங்கினேன். சேற்றின்மேல் ஒரு பலகை, அதற்கப்பால் இன்னொன்று. அதில் நாங்கள் கேக்கோடு நடக்க, தாண்டி வந்த பலகையை அவர் முழங்கால் சேற்றில் நின்று எடுத்து முன்னால் போட்டார். அந்த வண்டியின் சாமான்களில் அன்று உழைத்தவை மூன்றுதான், மூன்றுக்கும் எஞ்சின் கிடையாது.

நாங்கள் காய்ந்த தரையை எட்டியபோது ஓரத்துத் தடத்தில் சலவைக்கடைக்காரரின் குட்டிக் கார் ஆடி ஆடி வந்து நின்றது. அவர் ஜன்னல் வழியாக எங்களையும், சேற்றையும், பம்பரில் இருந்த புதரையும் வரிசையாகப் பார்த்தார்.

"நடுவுல ஏன் சார் இறங்கினீங்க? நான் தினமும் இந்த வழிதான். ஓரமா வந்தா ஒண்ணுமே இல்லையே?"

இவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று பார்த்தாரோ என்னவோ.

கேக் அந்தக் காரில் இஸ்திரி போட்ட படுக்கை விரிப்புகளின்மேல் அமர்ந்தது, அக்காவும் நானும் ஏறிக்கொண்டோம். கிளம்பும்போது சலவைக்கடைக்காரர் டிக்கியிலிருந்து ஒரு துருப்பிடித்த ஸ்பானரை எடுத்து இவர் கையில் வைத்தார். பிறகு, தூங்குகிற குழந்தையைக் கொண்டுபோவது மாதிரி ஓட்டினார். மண்டப வாசலில் மணி மூன்று ஐம்பத்து மூன்று.

மேலாளர் கேக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மேலடுக்கு சாய்ந்துதான் இருந்தது. வழியிலேயே அக்கா அடியடுக்கிலிருந்து சர்க்கரைப் பூக்களை எடுத்து, சாய்ந்த பக்கத்தில் கீழிருந்து மேலே கொடியாக ஒட்டியிருந்தார்.

"சாஞ்சிருக்கே, இதுதான் இப்ப ஸ்டைலா?"

"ஆமாங்க" என்றார் அக்கா, கண்ணை இமைக்காமல்.

"அடுத்த வாரமும் இதே மாதிரி சாய்ச்சுக் குடுங்க."

அந்த ஸ்பானரால் ஸ்டாண்டைக் கழற்றிக் கம்பியை இழுத்ததும், வண்டி ஒரே உறுமலில் வெளியே வந்துவிட்டதாம். நல்ல வண்டிதான். பாவம், அதை யாரும் வேலை செய்ய விடவில்லை.

இத்தோடு அவர் திருந்தினாரா? அடுத்த ஞாயிறு கார் நிறுத்துமிடத்தில் ஏழெட்டுப் பேர் வாயைப் பிளந்து கேட்க, வண்டி ஜன்னல் வரை சேற்றில் போய் ஒரு கல்யாணத்தைக் காப்பாற்றிய கதை நடந்தது. அதில் குட்டிக் கார் வரவில்லை. இடது கதவில் ஒட்டிய சேற்றை எட்டு வாரமாகியும் யாரும் தொடவில்லை. வாக்கி டாக்கி ஸ்டாண்டைப் பழைய இடத்திலேயே முடுக்கிவிட்டார், வேறெங்கும் பொருந்தவில்லையாம். ஸ்டூலுக்கு மட்டும் பதவி உயர்ந்தது. கறுப்பு வண்ணம் அடித்து, இரும்புப் பட்டை போட்டு, ஆறு போல்ட்டில் வண்டிக்குப் பின்னால் மாட்டியாயிற்று. அக்காவின் அம்மா வண்டியில் ஏற வேண்டுமானால் ஸ்டூலைக் கழற்ற ஸ்பானர் வேண்டும். ஸ்பானர் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இப்போது அந்த அம்மா கேக்கோடு சேர்ந்து சலவைக்கடைக்காரர் காரில்தான் போய்வருகிறார்.

போன வாரம் ஸ்டூலுக்கு உறை தைக்க அளவு கொடுத்துவிட்டுப் போனார். பட்டன் பன்னிரண்டு.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். உங்களிடம் அப்படி வண்டி ஏதும் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் உடம்பைக் குறைக்கவென்று வாங்கி அறை மூலையில் நிறுத்தினீர்களே ஒரு உடற்பயிற்சி சைக்கிள், முதலில் அதன்மேல் காயும் துண்டை எடுத்துவிட்டு வந்து சிரியுங்கள்.