மார்கழியில் நான் வைத்த பாத்ரூம் நிலை

வைகுண்ட ஏகாதசியன்று, ஊரே சொர்க்கவாசலுக்குப் போயிருந்த நேரத்தில், நான் ஒரு மனிதரைப் பாத்ரூமுக்குள் விட்டுத் தாழ்ப்பாள் போட்டேன். அதற்காக வருத்தமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். இல்லை. தாழ்ப்பாள் திரும்பத் திறக்கவில்லையே என்றுதான் கொஞ்சம் வருத்தம். (கொஞ்சம்தான்.)

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், கோயிலுக்கு நடந்தே போகிற தூரத்தில் இருக்கிறது. கொடுத்து வைத்தவர்கள் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். மார்கழியில் ஒரு வாரம் எங்களோடு இருந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும். ஏகாதசிக்கு முதல் நாளே என் கணவரின் உறவு மொத்தமும் பையும் போர்வையுமாக வந்து இறங்கிவிடும். திருவெறும்பூரிலிருந்து நாத்தனார் குடும்பம், ஜீயபுரத்திலிருந்து என் கணவரின் பெரியப்பா குடும்பம் என்று ஒன்பது பேருக்குக் குறையாது. அத்தனை பேருக்கும் ஒரே பாத்ரூம். அதுவும் அந்தக் காலத்தில் யாரோ ஒல்லியான ஆள் தனக்காக மட்டும் கட்டிக்கொண்டது.

ஒரு வருடம் நாத்தனார் அதிலிருந்து முதுகைக் காட்டியபடியே வெளியே வந்தார். கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"சந்நிதியிலதான் பெருமாளுக்கு முதுகைக் காட்டாம பின்னாலயே நடந்து வரணும்பாங்க. மீனா வீட்டு பாத்ரூம்லயும் அப்படித்தான் வரணும். உள்ள திரும்ப இடமில்லை" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். (அவர் வருடத்துக்கு இரண்டு முறைதான் சிரிப்பார். அதில் ஒன்றை இதற்குச் செலவழித்தார்.) எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அடுத்த வருஷம் வாங்க அண்ணி. உள்ள பாய் விரிச்சுப் படுக்கலாம், அப்படிக் கட்டி வைக்கிறேன்" என்றேன். வாயை விட்டாயிற்று. இனி கட்டாவிட்டால் அடுத்த மார்கழியில் நான் எந்த முகத்தோடு அவருக்குக் காபி கொடுப்பது?

அப்படித்தான் காண்ட்ராக்டர் பாலு எங்கள் வீட்டுக்குள் வந்தார். நல்ல மனிதர். பேச்சில் அவ்வளவு பணிவு. "ரெண்டே மாசங்க டீச்சர், நீங்க சாவியைக் கொடுத்துட்டு நிம்மதியா ஸ்கூலுக்குப் போங்க" என்றார். ஆவணியில் பழைய பாத்ரூமையும் பக்கத்து ஸ்டோர் ரூமையும் இடித்து ஒன்றாக்கினார். இடிக்கிற வேலை மட்டும் சொன்ன நாளில் முடிந்தது.

அப்புறம் ஐப்பசி வந்தது. "மழைங்க டீச்சர், பூச்சு காயாது." கார்த்திகை வந்தது. "கொத்தனார் மலைக்கு மாலை போட்டிருக்காருங்க." கொத்தனார் மலைக்குப் போய்த் திரும்பி வந்து டைல்ஸ் ஒட்டி முடித்தபோது கதவு மட்டும்தான் பாக்கி. கதவும், அதைத் தாங்குகிற மரச்சட்டமான நிலையும் ஒன்றாகப் பூட்டப்பட்டு, கொல்லையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றைத் தூக்கிப் பொருத்த வேண்டியதுதான். அன்று பார்த்து மார்கழி பிறந்துவிட்டது.

"இனிமே நிலை வைக்கக் கூடாதுங்க டீச்சர். தை பொறக்கட்டும்" என்றார் பாலு.

"இது வாசல் நிலை இல்லைங்க. பாத்ரூம் நிலை."

"நிலைன்னா நிலைதாங்க. நாளைக்கு உங்க வீட்டுல ஒருத்தருக்குத் தலைவலி வந்தாலும் பாலு மார்கழியில வச்ச நிலைன்னுதான் சொல்லுவாங்க."

"எனக்கு இப்பவே தலைவலி வந்துடுச்சு. ஏகாதசிக்கு ஒன்பது பேர் வராங்க. கதவில்லாம என்ன பண்ணச் சொல்றீங்க?"

"ஸ்கிரீன் போட்டுக்கலாமேங்க."

ஸ்கிரீன்தான் போட்டிருந்தோம், மூன்று மாதமாக! உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். கல்யாணத்திலேயே நாலு வார்த்தைக்கு மேல் பேசாத என் கணவர், அந்த மூன்று மாதமும் தினம் காலையில் தொண்டை கட்டும்வரை பாடினார். இப்போது நாத்தனாரையும் ஜீயபுரத்துப் பெரியப்பாவையும் நான் பாடச் சொல்ல வேண்டுமா?

"நீங்க வைக்காட்டிப் போங்க. நானே வச்சுக்கறேன்" என்றேன்.

பாலு சிரித்தார். கேலியாகக்கூட இல்லை, அன்பாகச் சிரித்தார். "தாராளமா வைங்க டீச்சர்" என்றார். கேலியாகச் சிரித்திருந்தால் விட்டிருப்பேன்.

நான் யார் தெரியுமா? பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். அப்பா பணிமனையில் ஃபிட்டர். ரயில் பெட்டியையே கழற்றி மாட்டியவரின் மகள். அதற்கு மேல், பதினெட்டு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். நெம்புகோல், ஈர்ப்பு மையம், உராய்வு எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். (தலைகீழாகத்தான் தெரியும் என்பது பிறகு தெரிந்தது.)

ஞாயிற்றுக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தோம். கணவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நூலில் பீரோ சாவியைக் கட்டித் தொங்கவிட்டு, நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். சிமெண்டைக் குழைத்து, இடுக்கெல்லாம் அடைத்து, தேய்த்து, வழவழவென்று பூசினேன். பூரிக்கு மாவு பிசைகிற கைதானே, பிரமாதமாக வந்தது. சாயங்காலம் கணவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"தாழ்ப்பாள் வெளிப்பக்கமா இருக்கு மீனா."

நிலையை முன்பின் மாற்றி வைத்திருந்தேன். சிமெண்ட் இறுகியாயிற்று. "அதனால என்ன? பூனை உள்ள போகாம வெளிலேர்ந்து பூட்டிக்கலாம்" என்றேன். உள்பக்கத்துக்குத் தனியாக ஒரு சின்னக் கொண்டி வாங்கி அடித்தேன். பிறகு கதவின் முன்னால் நின்று போட்டோ எடுத்து, 'மார்கழி வாழ்த்துகள்' என்று எழுதிப் பாலுவுக்கு அனுப்பினேன். அவர் ஒரு கும்பிடு மட்டும் அனுப்பினார்.

ஏகாதசிக்கு முதல் நாள் ஒன்பது பேரும் வந்தார்கள். நாத்தனார் உள்ளே போய்விட்டு, முகத்தைக் காட்டியபடி, கம்பீரமாகத் திரும்பி வந்தார். "பரவாயில்லையே மீனா!" என்றார். அந்த மூன்று வார்த்தைக்காக... சரி, இரண்டு வார்த்தைக்காக நான் ஐந்து மாதம் பட்ட பாடு எல்லாம் பறந்துவிட்டது. கதவைச் சாத்தும்போது நிலை லேசாக ஆடியதைக் கவனித்தேன். புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் விடியும் முன்பே எல்லாரும் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். பத்து மணி வாக்கில் நான் மட்டும் வீட்டில் பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பாலு வந்தார். தரிசனம் முடித்து, நெற்றி நிறைய நாமமும் கழுத்தில் துளசி மாலையுமாக நின்றார்.

"போட்டோ பார்த்ததிலிருந்து மனசு கேக்கலைங்க. ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன்."

"நல்லாப் பாருங்க. உள்ள போயும் பாருங்க" என்றேன். அந்த நிமிடத்தில் என் தலை கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, நிலையை அங்கங்கே தட்டினார்.

"டீச்சர், இது ஆடுதுங்க. நான் அப்பவே சொன்னேன், மார்கழியில வச்சா..."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கோபத்தில் கதவை ஓங்கித் தள்ளித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

"டீச்சர்? டீச்சர், கதவு..."

"தை பொறக்கட்டும், திறக்கறேன்."

உள்ளே பாலு சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"மார்கழியில வச்ச நிலையும் நிக்கும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உடனே திறக்கறேன்."

"எப்படிங்க சொல்றது? இன்னிக்கு ஏகாதசி. பொய் சொல்லக் கூடாது."

என்ன மனிதர் பாருங்கள்! 'ரெண்டே மாசம்' என்று சொன்ன அன்று மட்டும் திதி என்னவாம்? நான் கேட்டேன். அவர் பதில் சொன்னார். கொத்தனாரின் மாலையையும் ஐப்பசி மழையையும் கதவுக்கு இரண்டு பக்கமும் நின்று பேசித் தீர்த்தோம். அவர் குரலை உயர்த்தவே இல்லை. அவருக்கும் சேர்த்து நானே உயர்த்தினேன்.

அந்த நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒன்பது பேரும் திரும்பிவிட்டார்கள். விடியும் முன்பிருந்து வரிசையில் நின்றவர்கள். வந்த வேகத்தில் யாரும் பையைக்கூட இறக்கவில்லை, நேராகப் பாத்ரூமை நோக்கி வந்தார்கள். கணவர் எல்லாருக்கும் பின்னால் வந்தார். நான் பாய்ந்து போய்த் தாழ்ப்பாளை இழுத்தேன். நகரவில்லை. நான் ஓங்கித் தள்ளியதில் நிலை ஒரு பக்கம் சாய்ந்து, தாழ்ப்பாள் அதன் துளையிலேயே இறுகிவிட்டது.

"உள்ள யாரு மீனா?" என்றார் நாத்தனார், காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு.

"பாலு, அண்ணி."

"எந்தப் பாலு?"

"காண்ட்ராக்டர்."

"அவரு ஏன் நம்ம பாத்ரூம்ல இருக்காரு? அதுவும் நீ ஏன் வெளிலேர்ந்து பூட்டியிருக்க?"

இந்தக் கேள்விக்குக் கௌரவமான பதில் எந்த மொழியிலும் இல்லை. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். தேங்காய் எண்ணெய் விடு, சுத்தியலால் தட்டு, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணு. உள்ளே இருந்து பாலுவின் குரல் மட்டும் நிதானமாக வந்தது.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நான் திறந்துக்கறேன்."

அவர் உதைக்கவில்லை. ஒரு கையை வைத்தார், அவ்வளவுதான். நிலையும் கதவும் என் வழவழப் பூச்சும் ஒரே பலகையாக முன்னால் சாய்ந்து, தடாலென்று தரையில் படுத்தன. புழுதி எழுந்தது. புழுதி அடங்கும்போது, திறந்த வாசலில் நாமமும் துளசி மாலையுமாகப் பாலு நின்றார்.

ஜீயபுரத்துப் பெரியப்பாவுக்குக் கண் பார்வை மங்கல். காலையில் சொர்க்கவாசல் திறப்பதைப் பார்த்துவிட்டு வந்தவர். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டு, "ரங்கா! ரங்கா!" என்றார்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். ஒன்பது பேரும் பக்கத்து வீட்டுப் பாத்ரூமுக்கு வரிசையில் போனார்கள். பாலு நிலையைத் தாண்டி வந்து, தரையில் கிடந்ததைப் புரட்டிப் பார்த்தார்.

"டீச்சர், நிலையைச் சுவத்தோட பிடிக்கற இரும்புப் பட்டை ஆறு கொடுத்திருந்தேனே, சாக்குப் பையில. அது எங்க?"

அது கழிவு இரும்பு என்று நினைத்துப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டிருந்தேன். சொன்னேன். ஏகாதசி அல்லவா, நானும் பொய் சொல்லவில்லை.

தை பிறந்ததும் பாலு வந்து, ஆறு புதுப் பட்டை அடித்து, நிலையை நேராக வைத்து, மஞ்சள் குங்குமம் தடவி, மாவிலை கட்டி, என்னைக் கற்பூரம் காட்டச் சொன்னார். பாத்ரூமுக்கு! நான் தட்டோடு முறைத்துக்கொண்டு நிற்கிற படம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு மார்கழிக்கும் வருகிறது. எங்கள் வீட்டில் இன்றும் யார் பாத்ரூமிலிருந்து வெளியே வந்தாலும், கூடத்தில் இருப்பவர்கள் கையைத் தூக்கி "ரங்கா! ரங்கா!" என்கிறார்கள். என் கணவர்தான் முதலில் ஆரம்பிப்பார்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நிலை விழுந்தது பட்டை இல்லாததால். மார்கழிக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை நான் நாத்தனாரிடம் சொன்னேன், கரும்பலகையில் படம் போட்டுப் பத்தாம் வகுப்புக்கும் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. பாலு வேறு, மார்கழியில் அவசரப்படுத்துகிற வீட்டுக்காரர்களிடமெல்லாம், "ஒரு டீச்சர் வச்சாங்க..." என்று ஆரம்பித்துவிடுகிறாராம்.

இப்போது மாடியில் ஒரு அறை எடுக்கிறோம். நிலையைச் சரியாக மார்கழியில், நான்தான் வைக்கப் போகிறேன். ஆறு இல்லை, எட்டுப் பட்டை. சும்மா நின்று பார்க்க வாருங்கள் என்று நேற்றுப் பாலுவைக் கூப்பிட்டேன்.

"கண்டிப்பா வரேங்க டீச்சர். ஆனா வெளிலேயே நின்னு பார்த்துக்கறேன்" என்றார்.