போயாவுக்கு முதல் நாள் ஒரு கால்

"கால் இல்லாமல் நாளைக்கு நான் என்னெண்டடா இருக்கிறது? எனக்குப் பாதி போதும். அந்தப் பாதியும் போச்சுதெண்டால் என்னைச் சவக்காலைக்குக் கொண்டுபோய் விடு."

கைத்தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கிழவர் பற்றிக் திரும்பினார். பல்கனி வாசலில் அவருடைய மனைவி றோஸி, பிழிந்த சீலையும் கையுமாக நின்றாள்.

"எந்தக் கால் போகப்போகுது?"

பற்றிக் சொன்னது கால் போத்தல் சாராயத்தை. ஓட்டோக்கார ரொனியும் அவரும் மாதம் ஒரு தடவை பாதிப் பாதி போட்டு வாங்குவது. ஒரு காலத்தில் முழுப் போத்தலோடு இருந்த மனிதர், விலை ஏற ஏற அரைக்கு இறங்கி, அரையிலிருந்து காலுக்கு இறங்கி, இப்போது காலிலும் பாதியில் வந்து நிற்கிறார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனுடைய பென்சனுக்கு அதற்குமேல் கட்டாது. அந்தப் பாதிக்காகவும் மாதம் முழுக்க பஸ் ஏறாமல் கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து புதுக்கடைப் பக்கம் சாமான் வாங்க நடந்தே போய் வந்தார். வெற்றிலையை விட்டார். நாளைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை, சாராயக்கடைக்குப் பூட்டு. போயா கழிந்தால் ரொனியின் பாதி அவன் மகளுடைய டியூசனுக்குப் போய்விடும். இன்றைக்கு வாங்காவிட்டால் ஒரு மாதத்து நடை வீண்.

உண்மையைச் சொன்னால் காசு றோஸியின் கைக்குப் போகும். அது தெரிந்த விஷயம்.

"என்ர கால்தான்," என்றார். "நோகுது."

"பாதி போயிடும் எண்டு ஆர் சொன்னது?"

"ரொனி."

"ஓட்டோ ஓடுறவனுக்குக் கால் வெட்டுறதைப் பற்றி என்ன தெரியும்? உங்களுக்குச் சீனி வருத்தமும் இருக்கு. வெளிக்கிடுங்கோ, டொக்டரிட்டப் போவம்."

பற்றிக் டொக்டர்மாரை நம்புவதில்லை. வங்கியை நம்புவதில்லை. மீன்காரனின் தராசையும், காரணமில்லாமல் சிரிக்கிற கடைக்காரனையும் நம்புவதில்லை.

"நான் வரமாட்டன். காலுக்கெண்டு போனால் ஸ்கான் எண்டுவாங்கள், இரத்தம் எண்டுவாங்கள். கடைசியில கால் இருக்கும், வீடு இருக்காது."

"அப்ப பேச்சியம்மாவையாவது கூப்பிடுறன்."

பேச்சியம்மா பக்கத்து வீட்டுக்காரி. மலைநாட்டிலிருந்து வந்தவள், கைமருந்து தெரிந்தவள். அவள் வந்து பற்றிக்கைக் கதிரையில் இருத்தி, அவர் நீட்டிய வலது காலை ரொட்டி மா பிசைகிற மாதிரிப் பிசைந்து பார்த்தாள்.

"நரம்பு சுருண்டிருக்குங்க அய்யா. நல்ல சாராயம் ஒரு கால் போத்தல் இருந்தா, கராம்பு தட்டிப் போட்டுத் தேய்ச்சு எடுத்துருவேன்."

பற்றிக் கதிரையில் சட்டென்று நிமிர்ந்தார். முகத்தை மட்டும் செத்த வீட்டு முகமாக வைத்துக்கொண்டார்.

"சாராயமோ?" றோஸி சுவரிலிருந்த அந்தோனியார் படத்தைப் பார்த்தாள். "இந்த வீட்டுக்கையோ?"

"எனக்கும் விருப்பமில்லைத்தான். மருந்தெண்டால் என்ன செய்யிறது."

"காசு?"

வேறு வழியில்லை. பற்றிக் கட்டிலுக்குக் கீழே கையை விட்டு, பழைய சப்பாத்துக்குள் சுருட்டி வைத்திருந்ததை எடுத்தார்.

"இது எங்கால வந்தது?"

"கோயிலுக்குக் காணிக்கை போட வைச்சனான்."

"அந்தோனியார் பொறுப்பார்," என்றாள் றோஸி. "ரொனிக்குச் சொல்லி எடுப்பியுங்கோ."

பற்றிக்கின் திட்டம் சுத்தமானது. போத்தல் வரும். ஒரு மூடி காலுக்கு. மிச்சம் ரொனிக்கும் தனக்கும், பல்கனியில், மனைவியின் அனுமதியோடு. கல்யாணம் முடித்த நாளிலிருந்து கிடைக்காத மரியாதை.

ரொனி தன் பாதியையும் போட்டு வாங்கிக்கொண்டு வந்தான். பற்றிக் போத்தலைத் தலைகீழாகப் பிடித்தார், மூடியை நகத்தால் சுரண்டினார், வெளிச்சத்தில் பார்த்தார். சீல் சரி. திருப்தியாகத் தலையாட்டுகிற நேரம் பின்னாலிருந்து றோஸியின் கை வந்து போத்தலை உருவியது.

"தாங்கோ, சூடாக்க வேணும்."

"சூடாக்கினால் சத்துப் பறந்திடும், றோஸி. அது பச்சையாத்தான் இருக்க வேணும்."

"பச்சையாத் தேய்ச்சா எலும்புக்குள்ள இறங்காதுங்க அய்யா," என்றாள் பேச்சியம்மா. "நீங்க ஆடாம இருங்க."

இருவரும் குசினிக்குள் போனார்கள். புகை வரும் என்று கதவையும் சாத்தினார்கள்.

"அண்ணை, என்ர பாதி?" என்று ரொனி காதுக்குள் கேட்டான்.

"வரும். வாயை மூடிக்கொண்டு இரு."

வந்தது ஒரு எனாமல் பேசின். கராம்பு, உள்ளி, ஆவி. ஒரு மாதத்து நடை முழுவதும் அதற்குள் மிதந்ததை இருந்த இடத்திலிருந்தே பற்றிக் பார்த்தார். பேச்சியம்மா அள்ளி அள்ளித் தேய்த்தாள். தரையில் சொட்டிய ஒவ்வொரு சொட்டுக்கும் ரொனி கண்ணை மூடித் திறந்தான்.

"பேச்சியம்மா, உள்ளுக்கும் ஒரு மூடி விட்டால் கெதியாப் பிடிக்குமே."

"உள்ளுக்குப் போனா வெளிய பூசினது வேலை செய்யாதுங்க. ரெண்டும் சண்டை போட்டுக்கும்."

"நான் அதுகளைச் சமாதானப்படுத்துவன்."

"இஞ்சருங்கோ," என்றாள் றோஸி, "முதல்ல வலது கால் எண்டியள். இப்ப ஏன் இடதைப் பிடிச்சுக்கொண்டு முனகுறியள்?"

பற்றிக் குனிந்து பார்த்தார். கை இடது முழங்காலில் இருந்தது. "நோ இங்கால மாறிட்டுது."

பேச்சியம்மா பெருமூச்சு விட்டாள். "அப்ப இது ஓடுற நோவு. ரெண்டு காலுக்கும் போடணும்."

பேசின் மறுபடி குசினிக்குப் போய் நிறைந்து வந்தது. போத்தலில் என்ன மிஞ்சியிருக்கும் என்று பற்றிக் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். சரியாகச் செய்தால் இன்னும் ஒரு கிளாஸ் தப்பும். விடமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பினார்.

"சுகம். முழுச் சுகம்," என்று சொல்லி ஹோலில் அங்குமிங்கும் நடந்து காட்டினார். அது போதாதென்று குந்தி எழும்பினார். மூட்டை தூக்கின காலத்திலும் அவர் அப்படிக் குந்தியதில்லை.

றோஸி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "பார்த்தியோ பேச்சியம்மா, எவ்வளவு கெதியா. இந்தச் சூட்டோட இன்னொருக்காத் தேய்ச்சால்தான் நிலைச்சு நிக்கும், என்ன?"

"மிச்சம் வச்சா நோவு திரும்பி வந்துரும்க்கா. முழுசாத் தீர்த்துரணும்."

மூன்றாவது பேசினும் தீர்ந்தது. பெண்கள் பாத்திரம் கழுவப் போனார்கள். பற்றிக் முழங்காலுக்குக் கீழே பளபளத்துக்கொண்டு கதிரையில் கிடந்தார். ரொனி குனிந்து அவருடைய காலை மோந்து பார்த்தான்.

"அண்ணை, இது அச்சாறு மாதிரியெல்லோ மணக்குது."

பற்றிக்கும் விரலால் தொட்டு நக்கினார். புளித்தது. அவர் ரொனியை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கையடா வாங்கினனீ? வழியில திறந்தனியோ?"

"கடவுளாணை இல்லை. சீல் சரியோ எண்டு நீங்கள்தானே சுரண்டிப் பார்த்தனீங்கள்."

"அப்ப கடைக்காரன். சீலும் கள்ளமா அடிக்கிறாங்கள். இல்லாட்டி காய்ச்சிறவன். இல்லாட்டி அதுக்கு வரி போடுறவன். இந்த ஊரில ஒருத்தனையும் நம்ப ஏலாது."

"இப்ப என்ன செய்யிறது?"

"போத்தலை எடுக்கிறது. அடியில ஒரு சொட்டாவது நிக்கும். குடிச்சுப் பார்த்தால் ஆர் கள்ளன் எண்டு தெரியும். பிறகு நேர கடைக்குப் போறது."

பற்றிக் எழும்பினார். ஈரத்தில் வழுக்கிய காலைச் சத்தமில்லாமல் ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு, குசினிக் கதவை ஒரு விரலால் தள்ளினார். அடுப்புக்குப் பக்கத்தில், அச்சாறுக்குப் புளிப்புக்காக ஊற்றுகிற வினாகிரிப் போத்தல் ஒன்று காலியாக நின்றது. சாராயப் போத்தலும் காலி. கீழே இரண்டு பலகைகளில் இரண்டு பெண்களும் எதிரெதிரே இருந்தார்கள். கையில் ஆளுக்கொரு தேத்தண்ணிக் கோப்பை. றோஸி பின்னங்கையால் வாயைத் துடைத்தாள்.

பேச்சியம்மா கடைசி மடக்கைக் குடித்துவிட்டுச் சொன்னாள்:

"போன போயாவுக்கு என் வீட்டு மனுசனுக்கு முதுகு, இந்தப் போயாவுக்கு உங்க அய்யாவுக்குக் காலு. அடுத்த மாசம் யாருக்கு எது நோகணும்னு இப்பவே யோசிச்சு வச்சுருங்கக்கா."