எல்லப்பன் கண்ணுக்குத் தெரிந்த நம்பர்

எல்லப்பன் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தான். இரும்பு பிராக்கெட்டில் மெஷின் குத்தியிருந்த நம்பர் 91 இரண்டாகத் தெரிந்தது. வலது கண்ணைப் பொத்தினான். அப்போதும் இரண்டு.

மூளையில் கட்டி எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது உலகமே இரட்டை. மனைவி சரோஜா இரண்டு பேராக நின்று அழுதாள், தேறியதும் இரண்டு பேராகத் திட்டினாள். மெல்ல மெல்லத்தான் ஒருத்தியானாள். வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்த டாக்டர், கடைசியாக ஒன்று சொல்லி அனுப்பினார். இரட்டையாகத் தெரிந்தால் ஒரு கண்ணை மூடு, சரியாகிவிடும். மூடியும் இரட்டை என்றால் உடனே வந்து அட்மிட் ஆகு.

அட்மிட் ஆனால் திரும்பவும் மண்டையைத் திறப்பார்கள். இன்னொரு தடவை தாங்காது என்று எல்லப்பனுக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் அவன்தான் கடைசி இன்ஸ்பெக்‌ஷன். அவன் 'ஓகே' போடாமல் ஒரு பீஸ் லாரி ஏறாது. திரும்பி வந்த முதல் நாளே இப்படியா?

சூப்பர்வைசர் பாண்டுரங்கனைக் கூப்பிட்டான். கண்ணாடி போட்டால் வயசு தெரிந்துவிடும் என்று நினைக்கிற மனிதர். பீஸைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"ஒண்ணுதான்யா கீது. ஓகே போடு."

இரண்டு மாதமாக அவனுக்குப் பதில் ஓகே போட்ட பக்கத்து மேஜை சபாபதியைக் கேட்டால், அவன் பீஸைப் பார்க்கவில்லை, சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்று என்றான்.

முகம் கழுவச் சொன்னார்கள். கழுவினான், இரண்டு. டேபிள் லாம்ப் கொண்டுவந்து வைத்தார்கள். இப்போது இரண்டும் பளிச்சென்று தெரிந்தன.

"நான் எத்தினி பேரா தெரியறேன்?" என்றார் பாண்டுரங்கன்.

"ஒருத்தர்தான் சார்."

"அப்ப நம்பர் மட்டும் எப்டிய்யா ரெண்டாவும்?"

ஆபரேஷனில் நம்பர் பார்க்கிற நரம்பை அறுத்துவிட்டிருப்பார்கள் என்று சபாபதி விளக்கம் சொன்னான். அது எல்லோருக்கும் பொருத்தமாகப் பட்டது. எல்லப்பனுக்கே பட்டது, அதுதான் கொடுமை.

டிரே மேல் டிரே ஏறியது. லைன் நின்றது. வெளியே லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். ஆபரேஷன் உனக்கா எனக்கா என்று தலையைப் பிடித்துக்கொண்ட பாண்டுரங்கன், சேரப்பணஞ்சேரியில் எல்லப்பன் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

சரோஜா ஆஸ்பத்திரி ஃபைல், மாற்றுத் துணி, ஃபிளாஸ்க் சகிதம் வந்து இறங்கினாள். வந்ததும் வராததுமாகத் திட்டினாள். போன தையலே இன்னும் ஆறவில்லை, அதற்குள் வேலைக்கு என்ன அவசரம், நான் சொல்லி எதைத்தான் கேட்டாய் என்றாள். திட்டிக்கொண்டே அவன் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இன்னொரு தபா நான் பொழைக்க மாட்டேன் சரோஜா" என்றான் எல்லப்பன்.

திட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்று அழுதாள்.

டிரேயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போன பேக்கிங் ராஜம்மா நின்று, என்ன விஷயம் என்று விசாரித்தாள். சரோஜா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்.

"அய்ய, இதுக்கா ஆஸ்பத்திரி?" என்றாள் ராஜம்மா. "அண்ணன் ஆபரேஷனுக்குப் போனதுலேர்ந்தே அந்த நம்பர் குத்தற மெஷினு ரெண்டு ரெண்டு தபாதாங்க்கா குத்திகினு கீது. பாக்கத்தான் இங்க ஆளு இல்ல."