பாக்டீரியாவுக்கு வைத்த குளுக்கோஸ் தண்ணி

காலை ஏழு மணி பத்து நிமிடம். கல்லூரி ஆய்வகத்தைத் திறந்ததும் கண்ணில் பட்டது என் கண்ணாடிக் குடுவை. மோர்போலக் கலங்கியிருக்க வேண்டியது, கழுவிவைத்ததுபோல் தெளிந்திருந்தது. பாக்டீரியா சரியாக வளரவில்லை.

பத்து மணிக்கு முதுகலை நுண்ணுயிரியல் செய்முறைத் தேர்வு. அதில் தேறினால்தான் பட்டம்.

நான் காட்ட வேண்டியது இதுதான். பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதிக்கான மரபணு அந்தப் பாக்டீரியாவிடம் எப்போதும் உண்டு. ஆனால் பால் சர்க்கரை வந்தால்தான் அது வேலை செய்யும். மற்ற நேரம் அணைந்தே கிடக்கும். (கரண்ட் பில்லுக்குப் பயந்த வீடு.) குடுவையில் பால் சர்க்கரையைப் போட்டு, சற்றுப் பொறுத்து, கொஞ்சம் சோதனைக் குழாயில் எடுத்து ஒரு மருந்தைச் சேர்த்தால், நொதி இருக்கும்பட்சத்தில் மஞ்சளாகும்.

உட்கார முடியவில்லை. பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"வளரவே இல்லீங்கப்பா."

"சோந்துபோய்க் கெடக்குதா கண்ணு? குளுக்கோஸ் தண்ணி வெச்சுப்போடு."

லாரியிலிருந்து இறங்கும் கோழிக்குஞ்சுகளுக்கு எங்கள் வீட்டில் அதுதான் முதல் உபசாரம். நானும் வைத்துவிட்டேன். பத்து மணிக்குள் குடுவை கெட்டிமோர். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பால் சர்க்கரையைப் போட்டேன். காத்திருந்தேன். எடுத்தேன். மருந்தை விட்டேன். நிறம் வரவில்லை. குழாயை ஆட்டினேன், ஜன்னலுக்குக் கொண்டுபோனேன், துடைத்தேன், மறுபடி ஆட்டினேன்.

பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கேட்டார்: "மஞ்சள் எப்பங்க வரும்?"

"வந்துட்டே இருக்குதுங்க சார்."

"எங்கிருந்துங்க, ஈரோட்டுலருந்தா?"

குளுக்கோஸ் இருக்கும்வரை பாக்டீரியா பால் சர்க்கரையைச் சீண்டாது, அந்த மரபணு அடங்கியே இருக்கும். இதை எழுத்துத் தேர்வில் படம் போட்டு விளக்கியிருந்தேன். கையில் ஸ்பூன் இருந்தபோது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

மதியம் அவர் பையை எடுத்தார். "எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க அம்மணி. உங்க மார்க்க மட்டும் இன்னும் போடலை. பஸ் எடுக்கறதுக்குள்ள மஞ்சள் வந்தா வந்து சொல்லுங்க."

அவர் போன பிறகு குடுவையிலிருந்து மறுபடி எடுத்து மருந்தை விட்டேன். மஞ்சள்! குளுக்கோஸ் தீர்ந்திருக்க வேண்டும். குழாயைப் பிடித்துக்கொண்டு உக்கடம் பேருந்து நிலையத்துக்கு ஓடினேன்.

பொள்ளாச்சி பஸ்ஸின் படியில் நடத்துநர் மறித்தார். "ஏனுங்க அம்மணி, யூரின் டெஸ்டுங்களா? லேப்பு எதுத்தாப்புல இருக்குதுங்க."

"இல்லீங்க, இது சாருக்குங்க!" என்று கத்தினேன்.

பஸ்ஸே திரும்பித் தேர்வாளரைப் பரிதாபமாகப் பார்த்தது. ஒரு அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து ஜன்னலோரத்தைக் கொடுத்தார். "உக்காருங்க. சாருக்குச் சுகர் எத்தனைங்க?"

தேர்வாளர் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"நல்ல மஞ்சளுங்க. குளுக்கோஸ் போட்டீங்களா?"

"ஆமாங்க சார்."

"அதான். அதைத் தின்னு முடிச்சுப்போட்டு இதுக்கு வந்திருக்குது. முடிவு சரிதானுங்க." மதிப்பெண் பட்டியலை விரித்துப் பேனாவைத் திறந்தார். திறந்தவர் நிறுத்தினார். "இதுல இருக்கறது உசுரோட இருக்குதுங்களா?"

"நல்லா இருக்குதுங்க சார்" என்றேன், யாரோ உறவினரை விசாரித்ததுபோல.

"உசுரோட இருக்கற பாக்டீரியாவ யாருங்க பஸ்ல ஏத்தச் சொன்னது? ஆய்வகத்துல மொத நாள் என்னங்க சொல்லிக்குடுத்தாங்க?"

எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுதி முடித்துவிட்டார். நடத்துநர் விசில் கொடுத்தார்.

நான் பத்திரிகை வேலைக்கு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இந்தக் கதையைத் தன் பக்கத்திலிருந்துதான் சொல்வார். "நான் சொன்னதத்தான் இவ வெச்சா. வளந்துச்சா இல்லியான்னு அவளையே கேளுங்க."

வளர்ந்தது. அந்தப் பருவத்தின் தேர்ச்சிப் பட்டியலில் என் பெயர் இல்லை.