இரு சிவப்புக்கொடிப் படலம்

வாழ்க, கண்ணாடிக்கடைக் கோமான்! ஊரார் கண்களுக்கெல்லாம் ஒளி வழங்கியவனும், சாப்பாட்டு மேசையின் முக்கால் பரப்பைத் தண்டவாளத்தால் வளைத்து ஆண்டவனும், பச்சை ஸ்பாஞ்சைக் கிள்ளிக் கிள்ளி அன்று காலைதான் மலைச்சாரலில் ஒரு கானகத்தையே நட்டு முடித்தவனும், இணையத்துப் பொம்மை ரயில் குழுவின் நாற்பத்தாறு வீரருள் குறைகாண்பதில் முதல்வனுமாகிய அம்மாவீரன் தலைவணங்கிய கதையைக் கேளீர்!

அக்குழுவில் 'குகை' என்னும் பட்டப்பெயர் பூண்ட ரொட்டிக்கடைக்காரர் ஒருவர், ஆறு திங்கள் அரும்பாடுபட்டுச் சமைத்த ரயிலின் படத்தை ஏற்றினார். கணமும் தாழ்த்தாது கணை தொடுத்தான் நம் வீரன்: "கடைசிப் பெட்டியில சிவப்பு விளக்கையே காணோமே, சார்!" விட்ட கணை போன பின்னரே, ஃபோனின் மூலையை மறைத்திருந்த தன் கட்டைவிரல் நகர, அங்கே விளக்கு பளிச்சென்று எரியக் கண்டான். அடுத்த கணம் படமே காணாமற்போனது. குகை நீக்கிவிட்டார். ஒரு மனிதரின் ஆறு மாத ஆசையை ஒற்றை விரலால் அவித்துவிட்டோமே என்று வீரன் மெய்யாகவே வருந்தினான்.

அக்குழுவுக்கென்று ஓர் அறநெறி உண்டு. பிழை செய்தவர் சிவப்புக்கொடிப் படமிட்டு மன்னிப்புக் கேட்பார். மற்றவர் பச்சைக்கொடி காட்டி மன்னிப்பார். அதுவரை வேறெவரும் உள்ளே நுழையலாகாது. வீரன் சிவப்பை உயர்த்தினான். அந்தோ, அதே கணத்தில் குகையும் சிவப்பை உயர்த்தினார்!

"இருட்டா படம் எடுத்தது என் தப்புதான் சார், மன்னிச்சுடுங்க."

மூண்டது பணிவுப் பெரும்போர். "என் கண்ணுதான் சார் சரியில்ல" என்று இவன் குனிய, "உங்க கண்ணைப் போய்க் குறை சொல்லலாமா சார்" என்று அவர் அதனினும் தாழக் குனிய, வேலொடு வேல் பொருவதுபோல் மன்னிப்பொடு மன்னிப்பு பொருத, மதியம் மாலையாகியும் விட்டுக்கொடுப்பதை எவரும் விட்டுக்கொடுத்தாரில்லை. எஞ்சிய நாற்பத்து நால்வரும் தத்தம் சந்தேகங்களைச் சுமந்தபடி சிக்னல் கிடைக்காத கூட்ஸ் வண்டியாய்க் காத்துக்கிடந்தனர். நடுவே சமையலறையிலிருந்து மனைவி ஏதோ கேட்டாள்.

"இரும்மா, மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருக்கேன்!" என்று முழங்கினான் வீரன்.

அப்போது எழுந்தாள் குழுத்தலைவி. பல்லாயிரம் ஊசி போட்டு ஓய்ந்த கரத்தினள், 'கேட் அக்கா' என்று அனைவரும் அஞ்சும் அந்த முன்னாள் நர்ஸ், ஆணையிட்டாள்: "ரெண்டு பேரும் இப்பவே பச்சையைக் காட்டுங்க. இல்லேன்னா ரெண்டு இன்ஜினையும் ஷெட்ல போட்டுப் பூட்டிடுவேன்!"

விரைந்து எழுந்தன இரு பச்சைக்கொடிகள். குகையின் படம் மீண்டும் ஏறியது. கடைசிப் பெட்டியில் செவ்விளக்குச் சுடர்ந்தது. வீரனின் கண்கள் பனித்தன. இருபத்தேழு மன்னிப்புகள்! தன் பிழையைத் தானே ஒப்பும் ஆண்மையில் மூவுலகிலும் தனக்கு நிகரில்லை என்று மார்பு விம்ம, மீசை துடிக்க, அரியணைபோன்ற நாற்காலியைச் சுழற்றித் திரும்பினான்.

ஈரக்கையோடு மனைவி நின்றிருந்தாள்.

"பாத்திரம் தேய்க்க வாங்கி வெச்ச புது ஸ்பாஞ்ச் ரெண்டையும் பார்த்தீங்களான்னு அப்பவே கேட்டேன்."

மலைச்சாரலின் பச்சை மரங்கள் மின்விசிறிக் காற்றில் மெல்ல அசைந்தன.

"நான் பார்க்கலையே" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.